சீரமைக்கப்பட்ட 1969 கமாரோ இசட்/28: கேட்கும் விலையைக் கொடுக்கலாமா?

டல்லாஸில் வசிக்கும் நீங்கள், ஒஹாயோவில் ஒரு பழங்கார் வியாபாரி விற்பனைக்கு வைத்திருக்கும் 1969 செவ்ரலே கமாரோ இசட்/28 காரின் விளம்பரத்தைக் காட்டி, அவர் கேட்கும் விலை நியாயமானதா என்று கேட்டிருக்கிறீர்கள். முழுமையாகச் சீரமைத்தது, ஃப்ரேமைப் பிரித்தெடுத்துச் செய்த வேலை, எண்கள் எல்லாம் பொருந்துகின்றன (அதாவது என்ஜினில் குத்திய எண் காரின் எண்ணோடு ஒத்துப்போகிறது) என்று விளம்பரம் சொல்கிறது. ஆவணங்களோ முந்தைய உரிமையாளரிடமே தொலைந்துவிட்டன என்கிறார்கள். ஃபயர்வாலில் (என்ஜின் அறைக்கும் காரின் உட்புறத்துக்கும் இடையிலான உலோகச் சுவர்) உள்ள சிறு தகட்டின் படம், என்ஜின் பிளாக்கில் குத்தியிருக்கும் எழுத்துகளின் படம், காரின் பக்கவாட்டுப் படம் என மூன்றை நீங்கள் இணைத்திருக்கிறீர்கள். விலையைப் பற்றிக் கேட்டிருந்தாலும், அதற்கு முன்னால் தீர வேண்டியது வேறொரு கேள்வி: இந்த கார் தொழிற்சாலையிலிருந்தே இசட்/28 ஆக வெளிவந்ததா, அல்லது சாதாரண கமாரோ ஒன்று பின்னாளில் இசட்/28 ஆக மாற்றப்பட்டதா? இது தீராமல் விலையைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் அது வெறும் ஊகம்தான்.

நான் டெட்ராய்ட் பகுதியில் பழைய அமெரிக்க கார்களைச் சீரமைக்கும் பட்டறைகளோடு பல ஆண்டுகளாக வேலை செய்துவருகிறேன். வாங்குகிறவர்களுக்காகக் காரைப் பரிசோதித்து அறிக்கை எழுதிக் கொடுப்பதும் அந்த வேலையின் ஒரு பகுதி. ஆயினும் நீங்கள் அனுப்பிய மூன்று படங்களை வைத்து மட்டுமே இதை எழுதுகிறேன். படத்திலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியதையும், நேரில் பார்த்தால் மட்டுமே தெரியக்கூடியதையும் கலக்காமல் சொல்ல முயல்கிறேன்.

இசட்/28 என்பது தனி மாடல் அல்ல, கமாரோவுக்கு ஆர்டர் கொடுக்கும்போது கேட்டுப் பெறும் ஒரு ஆப்ஷன் தொகுப்பின் எண். ட்ரான்ஸ்-ஆம் பந்தயத்தில் என்ஜின் 305 கன அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்ற விதி இருந்ததால், செவ்ரலேயின் வின்ஸ் பிகின்ஸ் முன்வைத்த யோசனைப்படி 4 அங்குல போரும் (சிலிண்டரின் விட்டம்) 3 அங்குல ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட 302 கன அங்குல என்ஜினை இந்தத் தொகுப்புக்காகவே உருவாக்கினார்கள். 290 குதிரைத்திறன் என்று அறிவிக்கப்பட்ட அந்த என்ஜினோடு ரோஜர் பென்ஸ்கியின் அணிக்காக மார்க் டோனஹ்யூ ஓட்டிய கமாரோக்கள் 1968-லும் 1969-லும் வென்றதால்தான் அந்தப் பெயருக்கு இன்றும் இவ்வளவு மதிப்பு. 1967-இல் 602, 1968-இல் 7,199, 1969-இல் 20,302 என இசட்/28 கார்கள் தயாரிக்கப்பட்டன; ஆனால் 1969-ஆம் ஆண்டு மாடல் கமாரோக்கள் மொத்தம் 2,43,000-க்கும் மேல். அதாவது வெளித்தோற்றத்தில் ஒரே உடல் கொண்ட பன்னிரண்டு கார்களில் ஏறக்குறைய ஒன்றுதான் உண்மையான இசட்/28. பானெட்டின் மேல் ஓடும் அகலக் கோடுகள், எழுத்து முத்திரைகள், பின்பக்க ஸ்பாய்லர், 15 அங்குல ராலி சக்கரங்கள் ஆகிய அனைத்தையும் இன்று புதிதாகவே வாங்கிப் பொருத்திவிடலாம். ஆகவே கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற எதுவும் இங்கே சாட்சி ஆகாது.

ஃபோர்டு காராக இருந்திருந்தால் 1967-லிருந்து தொடங்கும் தயாரிப்புப் பதிவுகளின் அடிப்படையில், கார் எப்படித் தயாரானது என்று சொல்லும் மார்ட்டி அறிக்கை ஒன்றை வாங்கிப் பார்த்து முடித்திருக்கலாம். பான்டியாக் என்றால் அதேபோன்ற பதிவுகளைத் தரும் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் இருக்கிறது. கிரைஸ்லர் நிறுவனத்து கார்களில் வண்டி எண்ணிலேயே (பதிவு எண் அல்ல, தொழிற்சாலை ஒவ்வொரு காருக்கும் இடும் அடையாள எண்) என்ஜினுக்கான எழுத்து வந்துவிடும். 1969 செவ்ரலேயிலோ அமெரிக்காவில் விற்ற கார் எப்படிப்பட்டது என்று சொல்லும் அத்தகைய தொழிற்சாலைப் பதிவு வாங்குகிறவருக்குக் கிடைப்பதில்லை. முதலில் கனடாவில் விற்கப்பட்ட காராக இருந்தால் மட்டும் அங்குள்ள ஜெனரல் மோட்டார்ஸிடமிருந்து விவரம் பெறலாம் என்பதால், இதை வியாபாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இந்தக் குறையால்தான் கமாரோவில் போலி செய்வது எளிதாகிறது.

விளம்பரத்தில் கொடுத்திருக்கும் வண்டி எண் 124379 என்று தொடங்கி என் என்ற எழுத்தும் ஆறு இலக்க வரிசை எண்ணுமாக முடிகிறது. 1 என்றால் செவ்ரலே, 24 என்றால் எட்டு சிலிண்டர் கமாரோ, 37 என்றால் நிலையான கூரையுள்ள இரண்டு கதவு கூப்பே, 9 என்றால் 1969, என் என்றால் ஒஹாயோவின் நார்வுட் தொழிற்சாலை. அந்த ஆண்டு இசட்/28 கூப்பேயில் மட்டுமே கிடைத்தது என்பதால், 37-க்குப் பதிலாகத் திறந்த கூரை காருக்கான 67 இருந்திருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். ஆறு சிலிண்டருக்கான 23 இருந்திருந்தாலும் அப்படியே. உங்கள் எண் இந்த இரண்டு தடைகளையும் தாண்டுகிறது. ஆனால் அதற்கு மேல் அது எதையும் சொல்லாது. சிறிய 307 என்ஜினோடு வந்த குடும்ப காருக்கும் இசட்/28-க்கும் இந்த முதல் ஏழு இடங்கள் ஒன்றேதான்.

அடுத்தது ஃபயர்வால் தகடு. இதில் நீங்கள் அனுப்பிய படம் நன்றாகத் தெளிவாக இருக்கிறது. 04பி என்பது 1969 ஏப்ரல் மாதத்தின் இரண்டாம் வாரம், 711 என்பது கறுப்பு நிற சாதாரண உள்ளலங்காரம், 72 என்பது ஹக்கர் ஆரஞ்சு. விளம்பரம் சொல்லும் நிறமும் அதுவே. எல்லாவற்றையும்விட முக்கியமானது அதிலுள்ள எக்ஸ்33. 1968 டிசம்பர் நடுவிலிருந்து நார்வுட்டில் இந்த எக்ஸ் குறியீடுகளைத் தகட்டில் அடித்தார்கள். எக்ஸ்33 என்றால் வெளி அலங்காரத் தொகுப்போடு வந்த இசட்/28, எக்ஸ்77 என்றால் அந்த அலங்காரம் இல்லாத இசட்/28. பக்கவாட்டுப் படத்தில் சக்கர வளைவைச் சுற்றிப் பளபளக்கும் உலோகப் பட்டையும் கூரை ஓரப் பட்டையும் தெரிகின்றன; அவை எக்ஸ்33-க்குப் பொருத்தமானவை. கலிஃபோர்னியாவின் வான் நைஸ் தொழிற்சாலையில் இந்தக் குறியீட்டைப் பயன்படுத்தவில்லை என்பதால், நார்வுட் கார் என்ற வகையில் உங்களுக்கு ஒரு கூடுதல் சாட்சி கிடைத்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் அந்தச் சாட்சியின் பலம் தகடு அசலாக இருப்பதையே பொறுத்தது. இத்தகைய தகடுகளைக் கேட்ட குறியீடுகளோடு புதிதாக அடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் படத்தில் ஃபயர்வால் கறுப்பாகவும் தகடு மட்டும் வெள்ளி போலப் பளபளப்பாகவும் இருக்கிறது. தொழிற்சாலையில் தகட்டைப் பொருத்திய பிறகே ஃபயர்வாலுக்குக் கறுப்பு அடித்தார்கள் என்பதால், தகடும் கறுப்பாகவே இருந்திருக்கும். சீரமைப்பின்போது எண்கள் தெரிய வேண்டும் என்று தகட்டைச் சுரண்டித் துடைப்பது மிகவும் சகஜம். ஆகவே பளபளப்பு மோசடிக்குச் சான்றல்ல. ஆனால் அதைக் கழற்றினார்களா, அந்த ரிவெட்டுகள் பழையவையா, தகட்டின் பின்புறம் ஃபயர்வாலில் பழைய பெயின்ட்டின் தடம் இருக்கிறதா என்பவற்றை நேரில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். டாஷ்போர்டின் மேல் முன்கண்ணாடி வழியாகத் தெரியும் வண்டி எண் தகட்டிலும் ரிவெட்டுகளின் தலை ரோஜாப்பூ போன்ற வடிவில் இருக்க வேண்டும். அந்த எண்ணின் பிற்பகுதியை உடலிலும் இரண்டு இடங்களில் குத்தியிருப்பார்கள்: முன்கண்ணாடிக்கு முன்னால் காற்று நுழையும் கிரில் தகட்டின் அடியில் ஒன்று, ஃபயர்வாலில் ஹீட்டர் உறைக்குப் பின்னால் ஒன்று. இவற்றைப் பார்க்க அந்த கிரில்லையும் உறையையும் கழற்ற வேண்டும். அதற்கு வியாபாரி ஒப்புக்கொள்கிறாரா என்பதே ஒரு முக்கியமான தகவல்.

இனி என்ஜினுக்கு வருகிறேன். என் கவலையெல்லாம் இங்கேதான். பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில் ஒரு சிறு சமதளம் இருக்கும். அதில் ஃபிளின்ட் என்ஜின் தொழிற்சாலைக்கான வி, என்ஜினின் பாகங்கள் சேர்த்துப் பூட்டப்பட்ட மாதமும் தேதியும், பிறகு 1969 இசட்/28-க்கே உரிய டி-இசட் ஆகியவை வரும். உங்கள் படத்தை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் அது வி0611 டி-இசட் என்றே எனக்குத் தெரிகிறது. அப்படியானால் அந்த என்ஜின் ஜூன் 11-ஆம் தேதி பூட்டப்பட்டது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் நார்வுட்டில் உருவான காருக்குள் ஜூனில் பிறந்த என்ஜின் இருக்க வழியே இல்லை. பூட்டப்பட்ட என்ஜின் சாதாரணமாகச் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் காருக்குள் ஏறிவிடும். தேதி எப்போதும் காருக்கு முன்னால் இருக்கும், பின்னால் இருக்காது.

எனினும் ஒரு சந்தேகத்தை விட்டுவைக்கிறேன். அந்த 6-இன் மேல்பாதியில் ஒளி பட்டு மங்கியிருக்கிறது. அது 3 ஆக இருக்கவும் கூடும். மார்ச் 11 என்றால் ஏப்ரல் இரண்டாம் வாரக் காருக்கு மிகப் பொருத்தம், நான் மேலே சொன்னதெல்லாம் தலைகீழாகிவிடும். இதைத் தீர்க்க வியாபாரியின் வாய்ச்சொல் தேவையில்லை. பிளாக்கின் பின்முனையில் கியர்பாக்ஸ் சேரும் விளிம்புக்கு அருகே, பயணி பக்கத்தில், வார்ப்புத் தேதி புடைத்து நிற்கும்: முதலில் மாதத்துக்கான எழுத்து, பிறகு தேதி, கடைசியில் ஆண்டின் இறுதி இலக்கம். ஏ ஜனவரி, பி பிப்ரவரி என்று வரிசையாகப் போகும். வார்ப்புக்கும் பூட்டுவதற்கும் இடையில் பெரும்பாலும் சில நாட்களோ சில வாரங்களோதான். எனவே அங்கே பி அல்லது சி இருந்தால் மேலே குத்தியிருப்பது 3. ஈ அல்லது எஃப் இருந்தால் அது 6 தான். குத்திய எழுத்தை மாற்றுவது சுலபம், வார்த்த எழுத்தை மாற்றுவது கடினம். அதனால்தான் நான் வார்ப்பைக் கேட்கச் சொல்கிறேன். டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும். எதிர்ப்பக்கம் ஓட்டுநர் புறத்தில் வார்ப்பு எண் இருக்கும். 3970010 என்று இருந்தால் அது 1969 இசட்/28-க்கு ஏற்றதே, ஆனால் பின்வந்த ஆண்டுகளில் எத்தனையோ 350 என்ஜின்களிலும் அதே எண் இருப்பதால் அதை மட்டும் வைத்து மகிழ வேண்டாம்.

அதே சமதளத்தில் காரின் வண்டி எண்ணின் ஒரு பகுதியும் குத்தியிருப்பதாகவும், அது காரோடு பொருந்துவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தேதி உண்மையிலேயே ஜூன் என்றால், பொருந்தும் அந்த எண் மகிழ்ச்சி தர வேண்டியதல்ல, அச்சம் தர வேண்டியது. உத்தரவாதக் காலத்தில் நிறுவனமே மாற்றிக் கொடுத்த பிளாக்குகளில் சி-ஈ என்ற எழுத்துகள் இருக்கும், காரின் எண் இருக்காது. ஆகவே ஜூன் தேதியும் இந்த காரின் எண்ணும் ஒரே பிளாக்கில் சேர்ந்திருப்பதற்கு, யாரோ பின்னாளில் குத்தினார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. அதை இன்றைய வியாபாரி செய்தார் என்று நான் சொல்லவில்லை. இவர் வாங்குவதற்குப் பல கைகளுக்கு முன்பே நடந்திருக்கலாம், அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

அந்தச் சமதளத்தின் மேற்பரப்பையும் நேரில் பாருங்கள். தொழிற்சாலையில் பிளாக்கைச் சீவிய எந்திரம் முன்னிருந்து பின்னாக மெல்லிய இணைகோடுகளை விட்டுச் சென்றிருக்கும். எழுத்துகளுக்கு இடையிலும் அக்கோடுகள் தொடர வேண்டும். என்ஜின் தொழிற்சாலையில் குத்திய எழுத்துகளும் கார் தொழிற்சாலையில் குத்திய எண்ணும் வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு கருவியால் குத்தப்பட்டவை. ஆழத்திலும் வரிசையிலும் இரண்டும் ஒன்றுபோல இருந்தால் சந்தேகப்பட வேண்டும். அதே வேளையில், நேர்மையாக என்ஜினைப் பிரித்துச் சீரமைக்கிறவரும் பிளாக்கின் மேற்புறத்தைச் சீவினால் அந்தக் கோடுகள் அழிந்துவிடும். கோடுகள் இல்லாததால் மட்டும் ஏமாற்று என்று முடிவு கட்ட முடியாது; கோடுகள் இருந்தால் பலமான ஆதாரம், இல்லாவிட்டால் ஆதாரம் ஒன்று போயிற்று, அவ்வளவுதான். இந்த கார்களில் வந்த மன்சி என்ற நான்கு கியர் பெட்டியின் உறையிலும் தேதியும் காரின் எண்ணின் பகுதியும் குத்தப்பட்டிருக்க வேண்டும். அதைப் பற்றி விளம்பரத்தில் ஒரு சொல்லும் இல்லை.

காகிதம் எதுவும் இல்லை என்பது பெரிய குறை, ஆனால் தேடுவதற்கு இடம் இருக்கிறது. அக்காலத்தில் உத்தரவாதப் புத்தகத்தோடு ப்ரொடெக்ட்-ஓ-பிளேட் என்ற சிறு உலோக அட்டை கொடுத்தார்கள். அதில் என்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில் குறியீடுகள் பதிந்திருக்கும். முந்தைய உரிமையாளர்களில் ஒருவரிடம் அது இன்னும் இருக்கக்கூடும் என்பதால், அவர்களோடு பேச வியாபாரி தொடர்பு ஏற்படுத்தித் தருவாரா என்று கேளுங்கள்.

மறைக்கக் கடினமான சில உடல் அடையாளங்களும் உண்டு. 1969 இசட்/28-இல் ஏ.சி. கிடையாது, ஆட்டோமேட்டிக் கியர் கிடையாது. முன்சக்கர டிஸ்க் பிரேக்கும் பன்னிரண்டு போல்ட் பின் ஆக்சிலும் கட்டாயம். ஏ.சி.யோடு வந்த காரின் ஃபயர்வால் துளை வேறு வடிவில் இருக்கும்; அதைத் தகடு வைத்து அடைத்திருந்தால் உட்புறத்தில் கம்பளத்தை விலக்கினால் தெரிந்துவிடும். நான்கு கியர் கார்களில் தரை நடுவில் கியர் கம்பிக்காக ஒரு மேட்டை வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்திருப்பார்கள். அந்த வெல்டிங் புள்ளிகள் தொழிற்சாலைப் புள்ளிகளா என்று அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். இவை எதுவும் இசட்/28 என்று நிரூபிக்காது, ஏனெனில் வேறு கமாரோக்களிலும் நான்கு கியரும் டிஸ்க் பிரேக்கும் வந்தன. ஆனால் இசட்/28 அல்ல என்று நிரூபிக்கப் போதுமானவை.

சீரமைப்பின் தரம் தனி விஷயம். ஃப்ரேமைப் பிரித்தெடுத்துச் செய்தது என்று விளம்பரம் சொல்கிறது. கமாரோவில் பிரித்தெடுக்க முழு ஃப்ரேமே இல்லை. என்ஜினைத் தாங்கும் முன்பக்கத் துணைச்சட்டம் மட்டும் போல்ட்டால் உடலோடு சேர்ந்திருக்கும், மீதி முழுவதும் ஒரே உடல். உண்மையில் முழுமையாகச் செய்திருந்தால் உடலைச் சுழல் தாங்கியில் ஏற்றி அடிப்பக்கத்தைத் திருப்பிவைத்து வேலை செய்திருப்பார்கள், அதற்குப் புகைப்படங்களும் இருக்கும். பெயின்ட் அடிப்பதற்கு முன் வெறும் உலோகமாக நின்ற காரின் படங்களைக் கேளுங்கள். நல்ல வேலைக்காரர் யாரும் அந்தப் படங்களை எடுக்காமல் விடுவதில்லை, காட்டத் தயங்குவதுமில்லை.

இந்த கார்கள் துருப்பிடிக்கும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவையே: முன்கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் தேங்கும் காற்றுப்பெட்டி, அதிலிருந்து ஒழுகி ஊறும் முன்பக்கத் தரை, பின்கண்ணாடியின் கீழ்மூலைகள், டிக்கியின் தரை, பின்பக்கவாட்டுத் தகடுகளின் கீழ்ப்பகுதி. பெயின்ட் தடிமனை அளக்கும் கருவியை இந்த இடங்களில் வைத்துப் பாருங்கள். தொழிற்சாலைப் பெயின்ட் ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். சீரமைத்த காரில் அதைப்போல் இரண்டு மடங்கு இருந்தாலும் குறையில்லை. 600, 700 என்று ஏறினால் உள்ளே பட்டி போட்டு நிரப்பியிருக்கிறார்கள் என்று பொருள். டிக்கிக்குள் தலையை விட்டுப் பக்கவாட்டுத் தகட்டின் உட்புறத்தைத் தடவிப் பார்ப்பது எந்தக் கருவிக்கும் குறைந்ததல்ல. வெளியே கண்ணாடி போல மின்னும் தகட்டின் உட்புறத்தில் அரைத்துச் சமப்படுத்திய வெல்டிங் தடங்கள் அங்கேதான் கைக்கு அகப்படும். புதுத் தகடு மாற்றியிருப்பது குற்றமல்ல. ஆனால் 1969 கமாரோவின் முழு உடலையே புதிதாகச் செய்து விற்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். அத்தகைய உடலை வாங்குவது சட்டப்படி சரியே. பழைய காரின் எண் தகட்டை மோசடியாக அதில் ஏற்றுவது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கிரில் தகட்டின் அடியிலுள்ள மறைவான எண்ணைப் பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

என்ஜினை ஸ்டார்ட் செய்து கேட்கவும் வேண்டும், அதுவும் குளிர்ந்த நிலையில். வியாபாரி முன்கூட்டியே சூடேற்றி வைக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். அசல் 302-இல் வால்வுகளைத் தூக்குவது சாலிட் லிஃப்டர் (எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்யாத வகை) என்பதால் வால்வு இடைவெளியின் டக் டக் ஓசை சீராகக் கேட்கும், ஐடிலில் வண்டி சற்று அதிரும், குறைந்த வேகத்தில் இழுப்பு குறைவாகத் தெரியும். தையல் மெஷின் மாதிரி அமைதியாக ஓடினால் உள்ளே கேம்ஷாஃப்டை மாற்றியிருக்கிறார்கள், அல்லது என்ஜினே வேறு. கம்ப்ரெஷன் விகிதம் 11-க்கு 1 என்பதால், அசல்படி பூட்டியிருந்தால் இன்றைய பிரீமியம் பெட்ரோலிலும் தட்டல் வரக்கூடும். பிஸ்டன் எதைப் போட்டார்கள் என்ற ரசீதைக் கேளுங்கள்.

விலைக்கு வருவோம். ஆவணமும் அசல் என்ஜினும் உள்ள இசட்/28-க்கு ஒரு விலை, அசல் உடலும் வேறு என்ஜினும் உள்ள இசட்/28-க்கு அதைவிட நன்றாகக் குறைந்த ஒரு விலை, சாதாரண கமாரோவை மாற்றிச் செய்ததற்கு இன்னும் குறைந்த ஒரு விலை என மூன்று சந்தைகள் உண்டு. வியாபாரி முதல் சந்தையின் விலையைக் கேட்கிறார். அவர் காட்டியிருக்கும் சான்றுகளோ, என் கணிப்பில், இரண்டாவது சந்தையைத்தான் எட்டுகின்றன, அதுவும் தகடு அசல் என்று தெரிந்தால் மட்டுமே. பழங்கார்களுக்கான காப்பீட்டு நிறுவனமான ஹேகர்ட்டியின் மதிப்பீட்டுப் பட்டியலையும் அண்மை ஏல முடிவுகளையும் பார்க்கும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துப் பாருங்கள். சீரமைப்புக்கு இவ்வளவு செலவழித்தேன் என்று ரசீதுகளைக் காட்டினால் அது வேலையின் தரத்துக்கு ஆதாரம், விலைக்கு அல்ல. நல்ல சீரமைப்புக்குப் போட்ட பணம் விற்பனையில் முழுமையாகத் திரும்பி வருவது அரிது.

நீங்கள் டல்லாஸிலிருந்து விமானம் ஏறுவதற்கு முன் வார்ப்புத் தேதியின் படத்தை வரவழையுங்கள். அது ஈ அல்லது எஃப் என்று வந்து, அதற்குப் பிறகும் ‘எண்கள் பொருந்துகின்றன’ என்ற வாசகத்தை அவர் விளம்பரத்திலிருந்து எடுக்கவில்லை என்றால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் மேற்கொண்டு பேச மாட்டேன். பி அல்லது சி என்று வந்தால், முதல் தலைமுறை கமாரோவை மட்டுமே பரிசோதிக்கும் ஒருவரை ஒஹாயோவிலேயே அமர்த்தி, தகடும் மறைவான எண்களும் கியர்பாக்ஸ் எண்ணும் படங்களோடு கூடிய எழுத்து அறிக்கையாக வாங்குங்கள். முன்பணம் கொடுப்பதாக இருந்தால், கார் நார்வுட்டில் இசட்/28 ஆகத் தயாரிக்கப்பட்டது, என்ஜின் அந்த காரோடு பிறந்தது என்ற இரண்டையும் விற்பனை ஒப்பந்தத்தில் தனித்தனி வாக்கியங்களாக வியாபாரி எழுதிக் கையெழுத்திட வேண்டும், பரிசோதனையில் இரண்டில் எது பொய்த்தாலும் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுங்கள்.